பஞ்சு 6 எம்எம், குழி 4.5 எம்எம்: டர்பனில் ஒரு பிளாஸ்டிக் பட்டறை

பட்டறையின் பெயர் இந்த ரிவ்யூவில் வராது. பட்டறைக்கார அங்கிள்தான் வேண்டாம் என்றார். "நெட்ல போட்டா நாளைக்கே நூறு பேர் போன் பண்ணுவான், ஒருத்தன்கூட ஜாப் தரமாட்டான்" என்பது அவர் கணக்கு. (அவர் பேசியது டர்பன் இங்கிலீஷ், தமிழ் என்னுடையது.) இடம் மொபேனி பக்கம், ஒரு டயர் கடைக்குப் பின்னால். போர்டு இருக்கிறது, ஆனால் எழுத்தில் பாதி உதிர்ந்துவிட்டது.

நான் கோயம்புத்தூர்க்காரன். பம்பு கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவன், பிழைப்புக்காக தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பன் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறேன். 2023-ல் லோட் ஷெட்டிங் ஸ்டேஜ் 6 வரை போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாளில் மூன்று தடவை கரண்ட் போகும். அக்கம்பக்கம் எல்லாரும் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்கினார்கள். எனக்கு வாங்கக் காசு இல்லை. பொழுது மட்டும் நிறைய இருந்தது. அப்போது பிடித்த பைத்தியம்தான் ஃப்ளோ பேட்டரி. கரண்ட் ஓரளவு சரியான பிறகும் பைத்தியம் தெளியவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சாதாரண பேட்டரியில் மின்சாரத்தைத் தேக்கும் சரக்கு உள்ளேயே பூட்டிக் கிடக்கும். ஃப்ளோ பேட்டரியில் அது திரவமாக இரண்டு தொட்டியில் இருக்கும். பம்பு அதை நடுவில் இருக்கும் செல்லுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கும், மின்சாரம் ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். கோயில் அன்னதானம் மாதிரி. எவ்வளவு வேகமாகப் பரிமாறலாம் என்பது கரண்டி பிடிக்கும் கைகளைப் பொறுத்தது, எத்தனை பேருக்குப் போடலாம் என்பது அண்டாவைப் பொறுத்தது. இதில் செல் கரண்டி, தொட்டி அண்டா. பகல் முழுக்க சோலாரில் ஏற்றி ராத்திரி முழுக்க இறக்க வேண்டுமா, தொட்டியைப் பெரிதாக்கினால் போதும், செல்லைத் தொட வேண்டாம். காற்றாலை, சோலார் பக்கம் இருப்பவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். சீனாவில் தாலியன் நகரத்தில் 2022-ல் 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி அளவில் ஒன்றை கிரிட்டில் இணைத்தார்கள்.

அந்தப் பெரிய பேட்டரிகள் வனேடியத்தில் ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கில்லாஸ்-கசாகோஸ் என்ற அம்மையாரின் குழு 1980-களில் உருவாக்கியது. வனேடியம் நம்ம தென்னாப்பிரிக்க மண்ணில், வடக்கே புஷ்வெல்டு பாறைகளில் கிடக்கிறது. உலகத்தில் அதைத் தோண்டுகிற நாடுகளே நாலைந்துதான். அப்படியிருக்க நான் ஏன் வனேடியத்தில் செய்யவில்லை? முதல் காரணம், அது கந்தக அமிலத்தில் கரைத்த சமாச்சாரம், பக்கத்துச் சுவரில் வீட்டுக்கார ஆண்ட்டியின் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. இரண்டாவது, சார்ஜ் ஏறிய வனேடியக் கரைசல் 40 டிகிரிக்கு மேல் போனால் மண் மாதிரி படிய ஆரம்பிக்கும். பிப்ரவரி மாசத்து டர்பனில் (இங்கே அது கோடை), தகரக் கூரை போட்ட கராஜுக்குள் ஒரு மத்தியானம் நின்று பாருங்கள், புரியும்.

ஆகவே துத்தநாக அயோடைடு. சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கம் துத்தநாகம் படியும், மறுபக்கம் அயோடைடு அயோடினாகி மிளகு ரசம் நிறத்துக்குப் போகும். செல்லுக்கு ஏறக்குறைய 1.3 வோல்ட். அமிலம் இல்லை, ஆனால் கறை உண்டு. ஆண்ட்டியின் சிங்க்கில் ஒருமுறை பழுப்புக் கறை போட்டுவிட்டு மாட்டிக்கொண்டேன். தண்ணீரில் கரைக்கிற வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் போட்டால் கறை கண் முன்னாலேயே மறைந்துவிடும், இது அயோடினோடு புழங்குகிற எல்லாருக்கும் உதவும். ஆண்ட்டி இன்றுவரை என்னை மந்திரவாதி என்று நம்புகிறார்.

இதில் வேதியியலைவிடத் தலைவலி பிளாஸ்டிக்தான். செல் என்பது சாண்ட்விச். நடுவில் ஒரு பிரிதாள், அதன் இரண்டு பக்கமும் கார்பன் பஞ்சு, அதற்கு வெளியே கிராஃபைட் தாள், அதற்கும் வெளியே கரண்ட் எடுக்க செப்புத் தகடு. பஞ்சைப் பிடித்து வைத்து, திரவத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கிற சட்டம் ஒன்று வேண்டும். அது பாலிப்ரொப்பிலீனாக இருந்தால் அயோடின் தின்னாது. ஸ்டீலாக இருந்தால் தின்றுவிடும்.

முதலில் நகருக்குள் இருக்கிற 3டி பிரிண்டிங் கடை ஒன்றுக்குத்தான் போனேன் (அதன் பெயரையும் விட்டுவிடுவோம்). பாலிப்ரொப்பிலீனிலேயே அச்சடித்துத் தருகிறோம் என்றார்கள், அடித்தும் தந்தார்கள். மூன்று வாரம், 780 ராண்டு. வந்த சட்டத்தைக் கண்ணாடி மேஜையில் வைத்தால் ஒரு மூலை ஒரு எம்எம் தூக்கிக்கொண்டு நின்றது. ஆறும்போது சுருங்குகிற பிளாஸ்டிக் அது, அச்சுத் தட்டில் ஒட்டாமல் மூலையைத் தூக்கும். பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப்பைத் தட்டில் ஒட்டி அதன்மேல் அடித்தால் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அந்த டேப்பும் அதே பிளாஸ்டிக். இதை அவர்களிடம் சொன்னேன், சிரித்தார்கள். சரி, போல்டு போட்டு அழுத்தினால் நேராகிவிடும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பக்கெட் தண்ணீரில் முக்கிக் காற்று அடித்தேன். ஓரத்திலிருந்து இல்லை, சுவரிலிருந்தே குமிழ் வந்தது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் காற்று புகுந்து வருகிறது.

அதற்குப் பிறகுதான் ஆபீஸில் ஒருத்தர் மொபேனி அங்கிளைச் சொன்னார்.

அங்கிளுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நாலாவது தலைமுறை, முன்னோர் கரும்புக் காட்டுக்கு வந்தவர்கள். தமிழ் என்றால் அவருக்கு ஆயா சொன்ன பத்து இருபது வார்த்தை. தண்ணி, சோறு, போ, வா, உக்காரு. என்னைத் தம்பி என்றார். பட்டறையில் இரண்டு சிஎன்சி மில்லிங் மெஷின், ஒரு பழைய லேத்து, வேலைக்கு மூன்று பையன்கள். ஸ்டீல் வேலை எடுப்பதில்லை. தண்ணீர் சுத்திகரிக்கிற பிளான்டுகளுக்கும் சோப்பு ஃபேக்டரிகளுக்கும் பிளாஸ்டிக் உதிரி மட்டும். தரையெங்கும் பாலிப்ரொப்பிலீன் சீவல், இடியாப்பம் பிழிந்து கொட்டிய மாதிரி வெள்ளை நூல் நூலாக. "உடைஞ்சு தூளா வந்தா பிளேடு மழுங்கிருச்சுன்னு அர்த்தம். இப்படி நீளமா வரணும்" என்று ஒரு கை அள்ளிக் காட்டினார். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, பீளமேட்டுப் பட்டறைகளில் இப்படித்தான் சீவலை வைத்தே லேத்தின் ஜாதகம் சொல்வார்கள்.

என் டிராயிங்: 12 எம்எம் ஷீட்டில் 100-க்கு 90 சட்டம் இரண்டு. நடுவில் 50-க்கு 40 குழி, ஆழம் 4.5. சுற்றிலும் கசிவை அடைக்கிற 3 எம்எம் ஓ-ரிங் கயிறு உட்கார 2.25 ஆழத்தில் காடி. திரவம் வந்து போக இரண்டு ஓட்டை, அதிலிருந்து குழிக்கு மெல்லிய கால்வாய். கொடேஷன் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்தது: சரக்கோடு சேர்த்து 1,900 ராண்டு, பாதி முன்பணம். பிரிண்டிங் கடையைவிட இரண்டரை மடங்கு. யோசித்தேன், கொடுத்தேன். எட்டு நாள் என்றார், பத்து நாளில் தந்தார்.

வேலை சுத்தம். எடுத்துக்கொள்ளப் போன அன்று அவர் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தை என்னிடம் கொடுக்கும் முன் கட்டைவிரல் நகத்தை ஓ-ரிங் காடியின் அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுற்று முழுக்க ஓட்டினார். ஒரு மூலையில் நகம் லேசாகத் தட்டி நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. மேஜை விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தலைமுடி அளவுக்கு ஒரு மேடு, கட்டர் உள்ளே இறங்கி வெளியே ஏறிய தடம். பழைய சவர பிளேடு ஒன்றை எடுத்து நாலு சுரண்டு சுரண்டினார், மறுபடி நகம் ஓட்டினார், ஒரு தலையாட்டு. "தண்ணிக்கு இந்த வழி போதும், தம்பி." அதற்குப் பிறகு தொட்டியில் முக்கி அரை பார் காற்று வைத்து ஐந்து நிமிஷம் காட்டினார். ஒரு குமிழ்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து பஞ்சை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதுதான் பிரச்சினை. கச்சிதமாக உட்காரக் கூடாது.

அளந்து பார்த்தால் குழி ஆழம் 6.0.

போன் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பஞ்சு 6 எம்எம்னு நீயே எழுதியிருக்க, குழி 4.5-னும் எழுதியிருக்க. எப்படி உள்ள போகும்? நீ தப்பா போட்டுட்டன்னு நான் சரி பண்ணிட்டேன்." சரி பண்ணிவிட்டாராம்! கேட்காமலேயே.

விஷயம் என்னவென்றால், கார்பன் பஞ்சு நசுங்கியே இருக்க வேண்டும். அது கிராஃபைட் தாளை அழுத்தித் தொட்டால்தான் கரண்ட் தடையில்லாமல் போகும், பூவாகத் தொட்டால் அந்த முனையிலேயே வோல்ட் வீணாகும். ரொம்ப நசுக்கினால் திரவம் உள்ளே நுழையாது, பம்பு முக்கும். கால் பங்கு நசுங்கல் நல்லது என்பது வழக்கம், ஆறில் கால் போனால் நாலரை. அவர் வெட்டிய 6 எம்எம் குழியையும் அப்படியே சோதித்துப் பார்த்தேன், வீம்புக்கு. 400 மில்லிஆம்பியரில் சார்ஜ் போட்டால் செல் வோல்ட் 2-ஐத் தாண்டிக்கொண்டு போனது. 1.3 வோல்ட் செல்லுக்கு அது சார்ஜ் இல்லை, அடுப்பு.

கோபத்தோடுதான் மறுபடி போனேன். நியாயமாகப் பார்த்தால் தப்பில் ஒரு பங்கு என்னுடையது. எம்எம் கணக்கைப் போட்டேன், காரணத்தைப் போடவில்லை. எங்கள் பம்பு கம்பெனியில் இம்பெல்லர் டிராயிங்கில்கூட "இந்த இடைவெளி மணலுக்காக" என்று ஓரத்தில் எழுதி வைப்போம். இங்கே எழுதாமல் விட்டேன். ஆனாலும் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம் அல்லவா? இந்த ஒன்றுக்காக மட்டும் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். வாடிக்கையாளர் முட்டாள் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவனிடமே ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

பஞ்சுத் துண்டை அவர் கையில் கொடுத்து விரலால் அழுத்தச் சொன்னேன். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பஞ்சின் மேல் வைத்த செப்புத் தகட்டிலும் இன்னொன்றைக் கீழ்த் தகட்டிலும் வைத்தேன். அவர் அழுத்த அழுத்த ஓம்ஸ் இறங்கியது, விட்டால் ஏறியது. நாலைந்து தடவை செய்து பார்த்தார், புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி. பையன்களையும் கூப்பிட்டுக் காட்டினார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு "நாளன்னிக்கு வா, காசு வேண்டாம்" என்றார்.

குழியை ஆழமாக்கலாம், ஆழத்தைக் குறைப்பது எப்படி? புது ஷீட்டில் வெட்டுவார் என்று நினைத்தேன். அவர் செய்தது வேறு: சட்டத்தின் முகத்தையே 1.5 எம்எம் சீவி எடுத்துவிட்டு, ஓ-ரிங் காடியையும் கால்வாயையும் மறுபடி இறக்கியிருந்தார். 12 எம்எம் சட்டம் 10.5 ஆயிற்று, குழி 4.5 ஆயிற்று. அதுவும் ஒரே மூச்சில் இல்லை. பாலிப்ரொப்பிலீன் ஷீட்டை ஒரு பக்கம் மட்டும் சீவினால், உள்ளே அடங்கியிருக்கிற இழுப்பு அவிழ்ந்து அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். கொஞ்சம் விட்டுச் சீவி, ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கவிட்டு, காலையில் கடைசி வெட்டு போட்டிருக்கிறார். கண்ணாடி மேஜையில் வைத்து நாலு மூலையிலும் சிகரெட் தாளை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை.

அதே 400 மில்லிஆம்பியர், இந்தத் தடவை 1.5 வோல்ட் பக்கத்தில் நின்றது.

கசிவுக்கு நான் வைத்த கடைசிச் சோதனை எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒன்று. சோறு வடித்த கஞ்சியை டிஷ்யூவில் நனைத்து செல்லின் இணைப்புகளைச் சுற்றி ஒட்டிவிட்டேன். அயோடின் மாவுச்சத்தைத் தொட்டால் கருநீலம், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்ததுதான். ஊசிமுனை அளவு கசிந்தாலும் புள்ளி விழும். இரண்டு நாள் ஓடியும் சட்டத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மூன்றாம் நாள் ஒரு புள்ளி, சட்டத்தில் இல்லை, செப்புத் தகடு வெளியே நீட்டியிருக்கிற இடத்தில். பிரித்துப் பார்த்தால் செம்பின் மேல் விபூதி பூசிய மாதிரி பூத்திருக்கிறது, செப்பு அயோடைடு. கிராஃபைட் தாள் வழியாகவே கொஞ்சம் ஊறிப் போயிருக்கிறது. அது அங்கிள் தலையில் விழாது. தாளை நான்தான் மலிவாக வாங்கினேன்.

இன்னொன்று, அவர் சொல்லி நான் கேட்காமல் விட்டது. போல்டை முறுக்கி ஒரு ராத்திரி கழித்துத் தொட்டால் லூசாகியிருக்கும். பிளாஸ்டிக் அழுத்தத்தில் மெல்ல வழிந்து கொடுக்கும், போதாததற்கு வெயிலில் ஸ்டீலைவிடப் பத்து மடங்கு விரியும். கிண்ணம் மாதிரி குழிந்த ஸ்பிரிங் வாஷர் போட்டு, வெளியே 10 எம்எம் அலுமினியத் தகடு வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கச் சொன்னார். தகடு இரண்டுக்கு 640 ராண்டு கேட்டார். ஸ்டீல் எடுக்காதவர் அலுமினியம் மட்டும் ஏன் என்று தெரியவில்லை, வெளியே கொடுத்து வாங்கியிருப்பார். பணத்தை மிச்சம் பிடிக்கப் பிளைவுட்டை வைத்தேன். நடு வயிறு புடைத்துக்கொண்டது. பிறகு போய் வாங்கினேன், அதே 640.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மேல் போகாதீர்கள், ஷட்டர் இறங்கிவிடும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை இந்த ஊர்ப் பட்டறை எல்லாமே பூட்டுத்தான். புனித வெள்ளி சமயத்தில் போனே எடுக்கமாட்டார், இஸிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவில் இருப்பார். கார்டு மெஷின் இருக்கிறது, பாதி நாள் வேலை செய்யாது. டிராயிங்கைக் கையால் வரைந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், ஆனால் பீடிஎஃப் கொடுத்தால் விலை கொஞ்சம் இறங்குகிறது. ஒற்றைச் சட்டத்துக்கும் நூறு சட்டத்துக்கும் ஒரே முகம்தான் காட்டுவார், இது பெரிய பட்டறைகளில் கிடைக்காத மரியாதை. காத்திருக்கும்போது டீ வரும், ஏலக்காய் போட்டது, சர்க்கரை அளவு கேட்கமாட்டார்கள்.

இப்போது இரண்டாவது ஆர்டர் போயிருக்கிறது. ஒரு செல் போதாது என்று ஐந்து செல் அடுக்கு. இதில் சிக்கல் வேறு. ஐந்து செல்லும் ஒரே குழாயிலிருந்து திரவம் குடிக்கும், அந்தத் திரவமே கரண்டைக் கடத்தும். அதனால் ஒரு செல்லின் கரண்ட் தகடு வழியாகப் போகாமல் கள்ளத்தனமாகத் திரவம் வழியாகவே அடுத்த செல்லுக்கு ஓடும், பேட்டரி சும்மா இருந்தாலே காலியாகும். குறைக்க வழக்கமான வழி, கால்வாயைச் சன்னமாகவும் நீளமாகவும் வளைத்து வளைத்து விடுவது. ரொம்ப நீட்டினால் தள்ளுவதற்கே பம்பு பாதிக் கரண்டைத் தின்றுவிடும். ஒன்றரை எம்எம் அகலம், 180 எம்எம் நீளம் என்று ஒரு கணக்கில் நிறுத்தியிருக்கிறேன். ஓரத்தில் காரணத்தையும் எழுதினேன், கொட்டை எழுத்தில்.

போன செவ்வாய் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கிள் போன்.

"தம்பி, இந்தப் பாம்பு எதுக்கு? நேரா விட்டா மெஷின் டைம் பாதி, உனக்குக் காசு மிச்சம்."

எழுதியிருக்கேனே அங்கிள், என்றேன்.

"படிச்சேன். புரியல. அதான் கேக்கறேன்."

அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் பாம்பு அப்படியே இருக்கட்டும், வளைவுகளில் மட்டும் உள்மூலையைக் கொஞ்சம் உருட்டிவிடுகிறேன், கட்டர் நின்று திரும்புகிற இடத்தில் பிளாஸ்டிக் உருகாது, காற்றுக் குமிழும் தங்காது என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. வியாழக்கிழமை போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வரும்போது அந்தப் பஞ்சில் ஒரு துண்டு கொண்டு வா, மீட்டரையும் எடுத்துக்கொண்டு வா என்றிருக்கிறார். பேரனுக்குக் காட்ட வேண்டுமாம்.